வேலியில் இரண்டு பொட்டு

நான் கலியாணம் கட்டி விசுவமடுவுக்கு வந்தபோது அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது. ‘எங்கடை நாய்’ என்றால் அதுதான். வீட்டில் ஒரே ஒரு நாய் இருக்கும்போது பெயர் எதற்கு? கறுப்புக் கடுவன், ஆண் நாய். என் கணவரின் தாயான மாமி யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற வந்தபோது உரல், அலுமாரி, உட்கார இரண்டு கதிரை, வேலிக்கு நட ஒரு கட்டுப் பூவரசங் கதியால் என்பவற்றோடு லொறியில் ஏற்றிக்கொண்டு வந்த நாய்.

குளத்துக்குக் கீழே வயற்காணியும், குடியிருக்க மேட்டுக்காணியும் கையில் கிடைத்ததும் மாமி செய்த முதல் வேலை வேலி அடைத்ததுதான் என்று என் கணவர் சொல்வார். கிணறுகூடப் பிறகுதானாம். அந்தக் கதியால்கள் துளிர்த்து, வீட்டைச் சுற்றித் தென்னோலைக் கிடுகு வேலி எழுந்து நின்றது. வேலிக்கு அப்பால் காடு. பக்கத்துக் காணிக்காரரைக் கூப்பிடுவதென்றால் தொண்டை கிழியக் கத்தவேண்டும். யாருடைய கண்ணுக்கு மறைப்பாக இந்த வேலி என்று எனக்கு விளங்கவேயில்லை. வந்து இரண்டு கிழமை ஆன புதுப்பெண் இதையெல்லாம் கேட்கலாமா? வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நான் வன்னியிலேயே பிறந்து வளர்ந்த தண்ணீரூற்றுக்காரி. எங்கள் வளவுக்கும் வேலி உண்டுதான். காட்டில் வெட்டிய முள்ளை இழுத்துப் போட்டு, மாடு வராமல் பார்த்துக்கொண்டால் அது வேலி. மனிதர் போய்வரக் கடப்பு இருக்கும். நாய் தனக்கு வசதிப்பட்ட இடத்தால் போகும், வசதிப்பட்ட இடத்தால் வரும். அது புகும் இடத்துக்கு ஒரு சொல் வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை. எனக்கு வந்த வில்லங்கம் முழுவதும் அந்த ஒரு சொல்லால் வந்தது.

ஐப்பசி மழை தொடங்கிய கிழமை என்னைப் பெற்ற ஐயா மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். ஒரு கையில் தேன் போத்தல். மறு கையில் கயிறு. கயிற்றின் நுனியில் என் பிறந்த வீட்டு நாய். மண்ணிறக் கடுவன், உடும்பு பிடிப்பதில் கெட்டிக்காரன். நான் ஆவணியில் விட்டுவந்தபோது கொழுகொழுவென்று நின்றவன், இப்போது விலா எலும்பு தெரிய நின்றான்.

“சோறு சரியாத் தொடுறானில்லை, பிள்ளை. நீ போன நாள் துவக்கம் உன்ரை பாய் கிடந்த இடத்திலையே படுத்துக் கிடக்கிறான். என்னாலை பாக்கேலாமல் போச்சு” என்றார் ஐயா.

மாமி குசினி வாசலில் நின்று பார்த்தார். நெற்றி நிறைய விபூதி, இழுத்துச் செருகிய வெள்ளைச் சேலை. மாமியிடம் எனக்குப் பயம் இருந்தது என்பதை மறைப்பானேன்?

“ஒரு வளவுக்கு ஒரு நாய் காணும், ரெண்டு வேண்டாம்” என்றார். பிறகு அந்த விலா எலும்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய் ஒரு சட்டியில் சோறும் பருப்பும் பிசைந்து கொண்டுவந்து வைத்தார். நாய் மாமியைப் பார்க்கவில்லை. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, சட்டியை நக்கித் துடைத்துவிட்டது.

“சரி, நிக்கட்டும். சித்திரைக்கு முதல் வேலி அடைப்பம். அதுக்குள்ளை உன்ரை நாய் எங்கடை நாயோடை ஒத்துப்போனால் நல்லது. இல்லாட்டிக் கொண்டுபோய் விட்டிட வேணும். வேலிக்குள்ளை நெடுகலும் சண்டை எனக்குச் சரிவராது.”

உன்ரை நாய், எங்கடை நாய். அந்த இரண்டு சொல்லும் என் காதில் முள்ளாகக் குத்தின. என் வீட்டிலிருந்து வந்தவை என்று அந்த வளவுக்குள் ஒரு றங்குப்பெட்டியும் இந்த நாயும்தான். திருப்பி அனுப்பினால் இவன் மறுபடி பட்டினி கிடப்பான், இந்தத் தடவை பிழைக்க மாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து வேலி அடைக்கும் நாளை விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன்.

மறுநாளே இரண்டு நாயும் சண்டை தொடங்கின. காரணம் சோறு என்றுதான் முதலில் நினைத்தேன். சட்டிகளைத் தூரத் தூர வைத்துப் பார்த்தேன். மாற்றி வைத்துப் பார்த்தேன். அந்தக் கறுப்பன் அதைப் பொருட்படுத்தவேயில்லை. அவனுக்குச் சோறு பெரிதாகத் தெரியவில்லை. வேறு எதற்கோ உறுமுகிறான். எதற்கு என்று அறியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, முற்றம் கூட்டுகிற சாக்கில் தினமும் விடியற்காலையில் அவன் பின்னால் நடந்தேன்.

அவன் வாசல் படலையடியில் தொடங்குவான். ஒவ்வொரு கதியாலாக மோந்து, கால் தூக்கி, அடுத்த கதியாலுக்குப் போவான். ஒன்றைக்கூட விடமாட்டான். எப்போதும் வலமாகத்தான் சுற்றுவான், கோயிலில் மாமி சுற்றுவதைப் போலவே. கடைசியில் முருங்கையடிக்கு வந்து, வேலியின் அடியில் இருக்கும் ஒரு ஓட்டைக்குக் குறுக்கே படுத்துக்கொள்வான். இரண்டு சாண் உயர ஓட்டை. அதன் இரு பக்கத்துக் கதியாலிலும் அவனுடைய கறுப்பு மயிர் ஒட்டியிருக்கும். என் நாயோ வேலி என்று ஒன்று அங்கே நிற்பதையே கவனித்ததாகத் தெரியவில்லை. முற்றத்தின் நடுவால் நடப்பான். படலை திறந்திருந்தால் வருவான். பூட்டியிருந்தால் அந்த ஓட்டையால் வரப் பார்ப்பான், கறுப்பன் பாய்வான், இவன் மழையில் நனைந்தபடி வெளியே நின்று என்னைப் பார்ப்பான்.

பிறந்ததிலிருந்து வேலிக்குள் வளர்ந்த நாய்க்கும் வேலி அறியாத நாய்க்கும் மூளையே வேறாக இருக்குமோ என்று யோசித்தேன். அப்படியானால் வேலிக்குள் வளர்ந்த மனிதருக்கும்? இந்த யோசனையை யாரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு நாகு கன்று வாங்கினார்கள். மாமி அதைக் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் கொளுத்திக் காட்டி உள்ளே எடுத்தார். மறுநாளே நாய்கள் இரண்டும் ஓட்டையடியில் கட்டிப் புரண்டு, என் நாயின் காது கிழிந்தது. நான் மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டிருக்க, மாமி பக்கத்தில் வந்து நின்றார்.

“உன்ரை நாய்க்கும் ஒரு பொட்டு வைச்சுவிடு, பிள்ளை. அதுக்குப் பிறகு இதுகள் சண்டை பிடியாது.”

எனக்கு மனம் பூரித்துப் போனது. நேற்றுத்தானே கன்றுக்கு வைத்தார்கள்? அந்த வீட்டுக்கு வருகிற சீவனைச் சேர்த்துக்கொள்ளும் முறை இதுதான் போலும். நாய் வைரவருடைய வாகனம் வேறு. பொட்டைக் கண்டால் கறுப்பனும், இது நம்முடைய ஆள் என்று விட்டுக்கொடுப்பானாக்கும். யாழ்ப்பாணத்து நாய்க்கு அவ்வளவு அறிவு இருந்தால்தான் என்ன?

வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, வாய்க்காலில் வைத்து என் நாயைத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். துடைத்தேன். நடு நெற்றியில் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். வடிவாய்த்தான் இருந்தது. கறுப்பன் கிட்ட வந்து மோந்தான், தும்மினான், உறுமினான். மாமி வைத்தால்தான் பலிக்குமோ என்று நான் நின்று யோசிக்கையில், மாமியே பிள்ளையார் கோயிலிலிருந்து வந்துவிட்டார்.

நாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விபூதி மட்டும் இருந்த தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“உதென்ன கோலம்?”

“நீங்கள்தானே மாமி சொன்னனீங்கள், பொட்டு வைக்கச் சொல்லி?”

“என்னைப் பகிடி பண்ணுறியோ?” என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனவர், நாலு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மத்தியானம் வயலிலிருந்து வந்த என் கணவர் நாயைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு முற்றத்தில் குந்திவிட்டார். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“அம்மா சொன்னது வேலிப் பொட்டு! நாய் பூந்து வாற ஓட்டை. ஒரு பொட்டாலை ரெண்டு நாய் போகாது. உம்மடை நாய்க்குத் தனியா ஒண்டு வைச்சுவிடச் சொல்லியிருக்கிறா.”

“அப்ப கடப்பு எண்டு சொல்லுறதுதானே?”

“கடப்பு மனிசருக்கு. பொட்டு நாய்க்கு” என்றார், சின்னப் பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்வதுபோல.

தாயிடம் போய் எடுத்துச் சொன்னார். மாமி நம்பவில்லை. பொட்டு என்றால் பொட்டு என்று தெரியாத தமிழ்ப் பெண்ணும் உலகத்தில் உண்டா என்பது அவருடைய வாதம். அந்த நாலு நாளும் எங்களுக்குள் கதை முழுவதும் நாய்கள் வழியாக நடந்தது. “எங்கடை நாய்க்குப் பசிக்குது, உலையை வைக்கினமோ தெரியாது” என்பார் மாமி, கறுப்பனைத் தடவிக்கொண்டு. “உலை கொதிக்குது எண்டு சொல்லு” என்பேன் நான் என் நாயைப் பார்த்து. நாய்கள் இரண்டும் ஒன்றும் விளங்காமல் வாலை ஆட்டும். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது என் சோற்றில் பாதி நாய்ச் சட்டிக்குத்தான் போனது.

நாலாம் நாள் என் கணவர் கிழக்கு வேலியில், கிணற்றடிக்குப் பக்கத்தில், இரண்டாவது பொட்டை வெட்டினார். வெட்டி என்ன? என் நாய் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. வெளியே நின்று படலையைப் பார்த்து ஊளையிட்டான். “உஞ்சு, உஞ்சு” என்று உள்ளே நின்று கூப்பிட்டேன். கருவாட்டைக் காட்டினேன். அது சைவ வீட்டில் நான் ஒளித்து வைத்திருந்த கருவாடு, வேறு கதை. கிடுகின் இடுக்கால் மூக்கை நீட்டுகிறானே தவிர, ஓட்டைக்குள் தலையை விடமாட்டேன் என்கிறான். வேலி என்றால் என்ன என்றே தெரியாதவனுக்கு, வேலியில் உள்ள வழி மட்டும் எப்படித் தெரியும்? அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, படலையால் வெளியே போய், கிழக்குப் பக்கம் வந்து, நாலு காலில் குனிந்து அந்தப் பொட்டுக்குள் தலையை விட்டேன். “இப்பிடித்தான், பார்” என்று நாய்க்குச் சொன்னேன். தலை போனது. தோளும் போனது. இடுப்பில் கதியால் ஒன்று பிடித்துக்கொண்டது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. அந்த நிலையில் நிமிர்ந்து பார்த்தால் எனக்கு முன்னால் இரண்டு பாதங்கள். மாமி வாளியோடு கிணற்றடிக்கு வந்திருக்கிறார்.

“உதிலை என்ன செய்யிறாய்?”

“பொட்டு எப்பிடி எண்டு காட்டிக் குடுக்கிறன், மாமி.”

வாளி கீழே விழுந்தது. மாமி சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பூவரசில் சாய்ந்துகொண்டு சிரித்தார். “அப்ப உனக்கு மெய்யாத்தான் தெரியாதோ, பிள்ளை? மெய்யாத்தானோ?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். பிறகு இரண்டு கையையும் பிடித்து என்னை உள்ளே இழுத்தார். சேலையில் ஒரு முழம் கிழிந்தது. நான் விட்ட வழியால் என் நாய் சர்வசாதாரணமாக உள்ளே நடந்து வந்து உடம்பை உதறினான்.

சண்டை அதோடு குறைந்தது. கறுப்பன் தன் பொட்டில் படுத்தான், மண்ணிறத்தான் தன் பொட்டில் படுத்தான். ஆனால் ஒத்துப்போனதாகச் சொல்ல முடியாது. ஒருவனை ஒருவன் இல்லாதவன் மாதிரிப் பாவித்தார்கள். மத்தியான வெயிலில் இரண்டும் வீட்டு நிழலுக்கு வரும். அப்போது இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று என் அடியால் அளப்பேன். தையில் பன்னிரண்டு அடி. மாசி தொடங்க ஒன்பது. பிறகு அந்த ஒன்பதில் வந்து நின்றுவிட்டது. பங்குனி நெருங்க நெருங்க எனக்கு நித்திரை குறைந்தது.

மாசியில் ஒரு விரத நாள். மாமி குளித்து முழுகிக் குசினியில் நிற்கிறார். என் நாய் காட்டிலிருந்து வந்து, வாயில் கவ்வியிருந்த உடும்பைக் குசினி வாசற்படியில் வைத்துவிட்டு, பாராட்டுக்காக உட்கார்ந்தான். எங்கள் வீட்டில் என்றால் ஐயா அவனைத் தூக்கிக் கொண்டாடியிருப்பார். அவ்வளவு கொழுத்த உடும்பு.

“சிவசிவா! எடு, எடு, வேலிக்கு அங்காலை எறி! எங்கடை நாய் இவ்வளவு காலமும் ஒரு எலும்பு தொட்டிருக்குமோ? பருப்பும் சோறும் திண்டு வளர்ந்த சீவன்!” மாமி செம்புத் தண்ணீரை வாசலில் ஊற்றினார்.

வாலில் பிடித்துக் கொண்டுபோய்க் கிழக்கு வேலிக்கு அப்பால் எறிந்தேன். எல்லாம் முடிந்தது, இனி இவனை ஐயாவிடம் அனுப்புவதுதான் என்று நினைத்துக்கொண்டு வாசலைக் கழுவினேன். கண் கலங்கிப் படி தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாமி கறுப்பனைச் சோற்றுக்குக் கூப்பிட்டார். வரவில்லை. முருங்கையடிப் பொட்டில் பார்த்தார். இல்லை. அவன் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போனதை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. மாமி பதறிப்போய் வேலியோரமாகவே தேடிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். நான் பின்னால் போனேன். இரண்டாவது பொட்டடியில் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் பக்கத்தில் குந்திப் பார்த்தேன்.

வெளியே, உடும்பின் ஒரு பக்கத்தில் என் நாய். மறு பக்கத்தில் மாமியின் சைவ நாய். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்கூட இல்லை. கறுப்பனின் வாயிலிருந்து வால் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

என் நாக்கு நுனியில் எத்தனையோ சொல் வந்தது. கடித்துக்கொண்டேன்.

“மோந்து பாக்குது” என்றார் மாமி, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

“ஓம், மாமி. மோந்துதான் பாக்குது.”

கறுப்பன் வாலை விழுங்கிவிட்டு மோவாயை நக்கினான்.

“அவனிட்டைச் சொல்லிப்போடாதை” என்றார் மாமி. மகனைத்தான் சொன்னார். நான் சொல்லவில்லை. கறுப்பன் உள்ளே வந்தபோது மாமி மஞ்சள் தண்ணீர் தெளித்து, அவனுடைய வாயைத் தன் கையாலேயே கழுவிவிட்டார். அவன் உள்ளே வந்தது கிழக்குப் பொட்டால் என்பதை நான் கவனித்தேன். மாமி கவனித்தாரா என்று தெரியவில்லை.

பங்குனிக் கடைசியில் வேலி அடைக்கும் நாள் வந்தது. பழைய கிடுகைப் பிரித்துவிட்டுப் புதுக் கிடுகு கட்ட வேண்டும். இந்த வேலைக்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஒருவர் குத்த, மற்றவர் வாங்கித் திருப்பிக் குத்த வேண்டும். என் கணவர் உள்ளே நின்றார். நான் வெளியே நின்றேன். மாமி உள்ளே நின்று கோணலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். நாயைப் பற்றி யாரும் ஒரு சொல் பேசவில்லை. முருங்கையடிப் பொட்டை விட்டுக் கட்டினோம். வெயில் ஏறக் கிணற்றடிக்கு வந்துவிட்டோம். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் கிடுகு. முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். என் நாய் என் காலடியில் வந்து படுத்துக்கொண்டான்.

“எணை அம்மா, இந்தப் பொட்டை அடைச்சுவிடுறதோ?” என்று என் கணவர் கேட்டார்.

மாமி செம்பில் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

“உதை ஏன் அடைக்கிறாய்? எங்கடை நாயள் போய்வாற வழியெல்லே?”

நாயள், அதாவது நாய்கள், இரண்டையும் சேர்த்து. நான் அதை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். அரை ஆண்டாக எங்கடை நாய், உன்ரை நாய் என்று கேட்டுக் கேட்டுப் புண்பட்டிருந்த காதுக்கு, அந்த ஒரு சொல் எவ்வளவு இதமாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண் தெரியாமல் ஊசியை எங்கேயோ குத்தினேன். உள்ளேயிருந்து “ஐயோ, கை!” என்று என் கணவர் கத்தினார்.

“அழுதுகொண்டு குத்தாதை, பிள்ளை. வேலி கோணப்போகுது” என்றார் மாமி. இவ்வளவு கிடுகுக்கு அங்கால் நின்று அவருக்கு எப்படித் தெரிந்தது? “வெயிலிலை நிண்டது காணும். உள்ளை வந்து தண்ணியைக் குடி.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு படலைப் பக்கம் திரும்பினேன்.

“படலையாலை ஏன் சுத்துறாய்?” மாமியின் குரலில் சிரிப்பு இருந்தது. “உனக்குத்தான் பொட்டு நல்ல பழக்கமெல்லே.”

அந்தப் பொட்டுக்குள்ளால் மாமியின் கை வெளியே நீண்டது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து, அந்தக் கையைப் பிடித்தேன்.